பால் வராத கள்ளி

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிபோனபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே ஒரு மரம் நின்றது. அதை மரம் என்று சொல்லலாமா என்பதிலேயே எங்களுக்குள் தகராறு. ஓர் இலை கிடையாது. கூரையைத் தாண்டிய பச்சைத் தூண்கள், தூணெங்கும் வரிவரியாக விளிம்புகள், விளிம்பெல்லாம் முள். முன்பு குடியிருந்தவர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டதாம். பெயர் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பாவுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சதுரக்கள்ளி அண்ணி இது. பால் கண்ணுல பட்டா அவ்ளோதான். புள்ளைங்க இருக்கற வூடு. ஞாயித்துக்கிழம வந்து வெட்டிட்றேன்."

தம்பி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். கையில் கிடைப்பதெல்லாம் அவன் வாய்க்குள் போய்விடும். அம்மா பயந்துதான் போனாள். ஆனாலும் சித்தப்பா கிளம்பியதும் கத்தியை எடுத்துப்போய் ஒரு தூணைக் கீறிப் பார்த்தாள். பால் வரவில்லை. வழவழவென்று தண்ணீர்தான் கசிந்தது.

ஞாயிறன்று அரிவாளோடு வந்த சித்தப்பாவிடம் அதைச் சொன்னாள்.

"வெயிலு ஜாஸ்தியா இருக்குல்ல, வத்திப் போயிருக்கும்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல்.

மழை பெய்யட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டு, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுப் போனார் சித்தப்பா.

மழைக்குப் பிறகு ஒருநாள் விடியற்காலையில் பல் விளக்கப் போன நான் கூச்சலிட்டேன். தூண்களின் பக்கவாட்டில் என் முகத்தளவுக்கு வெள்ளைப் பூக்கள்! வெயில் ஏறுவதற்குள் எல்லாம் துவண்டு தொங்கின. சில வாரங்களில் அங்கே காய் திரண்டு, சிவந்து, ஒன்று தானாகவே வெடித்தது. உள்ளே வெள்ளைச் சதை, எள்ளை வாரி இறைத்தாற்போல் கறுப்பு விதைகள்.

அம்மா பிறந்தது அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று வளர்ந்தவள். அடுத்த முறை சித்தப்பா வந்தபோது ஒரு பழத்தைப் பறித்துக் காட்டினாள்.

"சதுரக்கள்ளிப் பூ இத்தனூண்டு இருக்கும் தம்பி. காயும் ஆமணக்காட்டம் மூணு பொளவா இருக்கும். இத பாருங்க, காஞ்ச பூ பழத்து தலமேலயே ஒட்டிக்கினு கீது. சப்பாத்திக்கள்ளியிலயும் இப்டித்தான். இது அந்த ஜாதி."

"இருக்கலாம் அண்ணி. ஆனா தின்னுட்டு எதுனா ஆச்சுன்னா பேஜாரு."

யாரும் அதைத் தொடக் கூடாது என்று முடிவானது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா மரத்தடியில் தனியாக நின்று அந்தப் பழத்தில் ஒரு விள்ளலைத் தின்றுகொண்டிருந்தாள். கை நீட்டினேன். "உனக்குக் கெடயாது, போ" என்று விரட்டினாள். அடுத்த நாள் பாதிப் பழம். அதற்கடுத்த நாள் முழுசாக ஒன்று. மாம்பழம் வாங்கினால் எங்களுக்குச் சதையை அறுத்துக் கொடுத்துவிட்டுக் கொட்டையைச் சப்புகிறவள் இப்படி மாறிப்போனது எனக்குத் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா மட்டும் தெனம் அந்தப் பழத்தத் தின்னுது. எனக்குத் தரவே இல்ல."

அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உனக்கு எதுனா ஆயிருந்தா?"

"ஒண்ணும்தான் ஆவலியே" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழங்களை வில்லை வில்லையாக அறுத்துத் தட்டில் வைத்தாள் அம்மா. லேசான இனிப்பு, நிறைய தண்ணீர். தம்பி சட்டையெல்லாம் வழிய விட்டுக்கொண்டான். சித்தப்பா இரண்டாவது முறையும் வாங்கித் தின்றுவிட்டு, "இது கேக்டஸு அண்ணி. நான் மொதல்லயே நெனச்சேன்" என்றார்.

அப்பா தன் பங்கில் ஒரு வில்லைகூட எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். வாரம் முழுக்க ஒளித்து ஒளித்துத் தின்றவளுக்கு இன்னும் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.