அஷ்டமியில் எண்ணிய பதினொரு பேர்

எங்கள் இருளர் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். அந்தக் காலத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஊராட்சித் தலைவர் பதவி பழங்குடியினருக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னை நிறுத்தினார்கள். ஜெயித்தேன். அலுவலகத்தில் ஏழு நாற்காலிகள். முதல் மூன்று கூட்டங்களிலும் ஏழிலும் ஆள் இருந்தது, நான் நின்றேன். நாலாவது கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன்.

ஐந்து வருடத்தில் பதினாறு தெருவிளக்கு, முப்பத்தொரு பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ். இவை யாருக்கும் நினைவில்லை. பாதை மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் பெண்கள் இறால் பிடிக்க எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகும் பாதை அது. வலை கிடையாது. தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். இறாலைப் போடும் ஓலைப்பையைப் பறி என்போம். கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பக்கத்து நிலத்தை வாங்கிய ஒரு கம்பெனி, பாதையையும் சேர்த்துச் சுவர் கட்ட அனுமதி கேட்டது. தினம் எத்தனை பேர் போகிறார்கள், ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள் என்று மேலே இருந்து கடிதம் வந்தது. வேறு ஒருவர் குத்துமதிப்பாக நூறு என்று எழுதியிருப்பார். நான் அதே நாற்காலியைப் பாதை முனையில் போட்டுக் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை எண்ணினேன். பதினொரு பேர். எழுதிக் கையெழுத்திட்டேன்.

பதினொரு பேர்தானே என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். சுவருக்குப் பள்ளம் தோண்டிய அன்று என் அக்கா வந்தாள்.

"இன்னாடா எண்ணிக்கினு இருந்த? அன்னிக்கு அஷ்டமிடா. அஷ்டமில தண்ணி வத்துமா? எவ எறங்குவா? அமாசைக்கு எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஒரு வாரத்துல கேட்டாங்கக்கா."

"படிச்ச தலைவரு. தேதி தெரிது, தண்ணி மறந்துபோச்சி."

அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். இப்போது பெண்கள் லாரி ரோடு வழியாகச் சுற்றித்தான் போகிறார்கள். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது அடி கூடுதல். நடந்து பார்த்தேன். அந்த ரோடு என் வாசல் வழியாகப் போகிறது. மனைவி இறந்து நாலு வருடம். மகன் கொடுங்கையூரில் பிளாட்டில் இருக்கிறான். மாதம் இரண்டு முறை போன் செய்வான். பறியைத் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் கடிப்பது வழக்கம். என் வாசல் வரும்போது பெண்கள் ரோட்டிலேயே கடித்துக்கொள்வார்கள். வாயில் பறி இருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா. அக்காவும் அப்படித்தான், ஆறு வருடமாக.

ஒவ்வொரு அமாவாசையும் வாசலில் உட்கார்ந்து எண்ணினேன். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஐம்பத்து நாலு. பதினான்கு மனு போட்டேன். பதினான்காவதற்குப் பதில் வந்தது: அதிகாரி நேரில் பார்க்க வருவார், நாள் சொல்லவும். இந்த முறை நாட்காட்டியை மூன்று தடவை பார்த்துவிட்டு எழுதினேன்.

மறுநாள் காலை அக்கா வந்தபோது ரோட்டில் இறங்கி நின்றேன்.

"அக்கா, அமாசைக்கு ஆபீசர் வராரு. பாதையத் தெறக்க. எல்லாரையும் வரச் சொல்லு."

பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"எண்றது யாரு? நீயா?"

"இல்லக்கா. அவரே."

"அப்போ வரோம்."

பறியைத் திரும்பக் கடித்துக்கொண்டு நடந்தாள். தண்ணீருக்கு இன்னும் ஆயிரத்து நூறு அடி இருந்தது.