எவ்வளவு நாள் எடுக்கும்?

வெளிநாட்டில், பேர்கன் நகரத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், ஒன்றுவிட்டொரு திங்கட்கிழமை காலையிலேயே எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து சீட்டு விளையாடுவோம். விளையாட்டு என்றுதான் முதல்நாள் நினைத்தேன். எல்லோர் கையிலும் எண்கள் எழுதிய அட்டைகள். செய்ய வேண்டிய மென்பொருள் வேலையை ஒருவர் வாசிப்பார். அதற்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்று மனதுக்குப் பட்ட எண்ணை எல்லோரும் ஒரேயடியாகத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர்கள் மொழியில் ‘ஆன்ஸ்லாக்’ என்பார்கள். மதிப்பீடு. நரைத்த தாடிக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல அட்டையைத் தூக்கிக்கொண்டு இருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவள் நான். அம்மா தையல்காரி. “எப்ப அக்கா தருவியள்?” என்று துணியோடு வருகிறவர்கள் கேட்பார்கள். அம்மா ஒருநாளும் தேதி சொல்ல மாட்டா. “ஆரின்ர கலியாணத்துக்கு?” என்று திருப்பிக் கேட்பா. கலியாணத்துக்கு முதல் முடிய வேண்டும், அவ்வளவுதான். அதுவும் பிந்தும். தலையில் பூ வைத்தபடி பெண்கள் எங்கள் விறாந்தைக் கதிரைகளில் வந்து இருந்துவிடுவார்கள். ஒருத்தி கொக்கி தைப்பாள், இன்னொருத்தி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றுவாள். பக்கத்து ஊரான சுருவிலிலிருந்து வரும் ஒரு அக்கா அம்மாவை வாய்விட்டுத் திட்டிவிட்டு, பிறகு தானே சிரிப்பா. அம்மா பிந்தப்பிந்தத்தான் எங்கள் வீடு கலகலப்பாக இருந்தது.

சென்ற வருடம், சிறு தீவுகளுக்கு ஓடும் படகுகளுக்கு முன்பதிவுச் செயலி செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. தீவுக்காரி நான், ஆசையோடு கேட்டு வாங்கினேன். காற்றால் ஒரு படகு நின்றால் பயணிகளை அடுத்த படகுக்கு மாற்றும் பகுதி என்னுடையது. எங்கள் பொறுப்பாளர் ஹோகன் அதை எனக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே, ஆங்கிலப் புதுவருடத்துக்குள் முடியும்தானே என்றும் கேட்டிருக்கிறார். நான் “யா, யா” என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். நம்மூரில் ஒருவர் கதைக்கும்போது “ஓம், ஓம்” என்போமே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு, அந்த யா. அவர் அதை வாக்காக எடுத்து, வாடிக்கையாளருக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. முடித்துவிடலாம் என்றுதான் அப்போதும் நம்பினேன். ஆனால் ஒரு படகை நிறுத்தினால் நாலு படகு குழம்பியது. ஒரு பிழையைத் திருத்த இன்னொன்று முளைத்தது. தேதி தைமாதத்துக்குத் தள்ளிப்போனது. தைமாதம் தங்கச்சிக்குக் கலியாணம்.

“எப்ப பிள்ளை வாறாய்?” தொலைபேசியில் அம்மா.

“வேலை முடிய வாறன் அம்மா.”

“எப்ப முடியும்?”

“தெரியேல்லை.”

அம்மா சிரிப்பா என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “அப்பாவும் இல்லை. நீயும் வராட்டி அவளுக்குப் பக்கத்தில ஆர் நிக்கிறது?”

அடுத்தநாள் ஹோகனின் அறைக்குப் போய், தைமாதத்துக்கும் முடியாது என்றேன். கதிரை நுனியில்தான் இருந்தேன். அவர், “அப்படியென்றால் ஏன் அன்றைக்கு யா சொன்னீர்கள்?” என்றார். எங்கள் ஓமை அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

“ஆக, நீங்கள் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தீர்கள்?”

“யா.”

“இது எந்த யா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்கோ அழுகை வந்தது.

உண்மையான மதிப்பீடு என்ன என்று கேட்டார். ஈஸ்டர் என்றேன். என் முன்னாலேயே வாடிக்கையாளரை அழைத்துச் சொன்னார். அவர்களுக்குக் கோபம், வேலையின் அடுத்த கட்டத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹோகன் அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை; கலியாணத்துக்கு லீவும் தந்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் என்னை ஏற்றிவந்த வான், ஊருக்குப் போகும் கடல்வழித் தெருவில் மண்டைதீவைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கடல் பளபளத்தது. வீட்டுக்குள் கால்வைத்ததும் அம்மா ஒரு சாறிச் சட்டையை நீட்டினா. “உன்ரயைத்தான் முதல் முடிச்சனான்.”

போட்டுப் பார்த்தேன். கை ஏறவில்லை. நான் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய சட்டையை அளவாக வைத்து வெட்டியிருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்தா. “எனக்கு நீ அந்த அளவிலதான் நிக்கிறாய்,” என்றா மெதுவாக. நல்லகாலம், உள்ளே துணி விட்டிருந்தா. தையலைப் பிரித்து, பெருப்பித்துத் தந்தா. அதைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிரித்த இடத்தில் பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. “கழுவினால் போயிடும்,” என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினா. பேர்கனுக்கு வந்து பலமுறை கழுவிவிட்டேன். உடம்புக்குச் சரியான புதுத் தையலுக்குச் சற்று உள்ளே, அந்தச் சின்னத் துளைகள் வரிசை குலையாமல் அப்படியே நிற்கின்றன.