பம்பருக்குள் இறங்கிய குழாய்

ஸஹ்ரான் நல்ல மனிதன்தான். கடலோர ஊரான பர்காவில் மீன் குளிர்கிடங்கில் வேலை. ஒரு காலத்தில் வெள்ளிதோறும் மலையூருக்குப் போய், தனியாக இருந்த உம்மாவைப் பார்த்துவிட்டு வருவான். அவளுக்கு ஒரே மகன். ஜீப் வாங்கினான், புத்தி கழன்றுவிட்டது. இன்று ஒன்றை மாட்டுவான், நாளை ஒன்றைக் கழற்றுவான். வெள்ளிகள் எல்லாம் அதிலேயே போயின.

அந்த வெள்ளியும் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு வாசலில் பாய் விரித்தான். இஞ்சினுக்குக் காற்று இழுத்துத் தரும் கறுப்புப் பெட்டி உயரத்தில் சிவனே என்று கிடந்தது. அதைக் கழற்றி வீசிவிட்டு, புதிதாக வந்த அலுமினியக் குழாயை மாட்டினான். சூடு படாத காற்று வேண்டுமாம்; அதற்காகக் குழாயின் நுனியையும் ஃபில்டரையும் கீழே, பம்பருக்குப் பின்னால் இறக்கி முடுக்கினான்.

"அந்தப் பெட்டி உங்கள என்ன பண்ணுச்சு?" என்றாள் மனைவி ரையா. "மாமி போன வாரமே வரச் சொன்னாங்க."

"அடுத்த வெள்ளி போவோம். பறந்துடலாம் பாரு!"

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். ஸ்ஸ்ஸ் என்று சீறியது.

"நல்லா பாம்பு வளக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை நபஹான் மாமா, உம்மாவின் அண்ணன், போன் செய்தார். "உம்மா போயிட்டாடா. சாயங்காலம் அஸர் தொழுததும் அடக்கம். நீதான் குழியில இறங்கி அவள வாங்கணும். ஓடி வா."

மலையில் மழை. வழியில் காட்டாறு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "முழங்கால் தண்ணிதான். உன் ஜீப்புக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா?"

உண்மைதான், இதைவிட ஆழத்தில் அவன் எத்தனையோ தடவை கடந்திருக்கிறான். பெட்டி உயரத்தில் இருந்த காலம் அது. பாவி, குழாயை மறந்தே போனான். உம்மா நினைப்பாகவே இறங்கினான். நடு ஆற்றில் ஃபில்டர் முங்கியது, இஞ்சின் தண்ணீரைக் குடித்தது. டமால் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கயிறு கட்டி, வந்த கரைக்கே இழுத்துப் போட்டார்கள். அதற்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. இனி யாரும் இறங்க மாட்டார்கள்.

மாமா மறுபடி கூப்பிட்டார். "தொழுகை முடிஞ்சுடுச்சு. எல்லாரும் நிக்கிறாங்க. காத்திருக்கவாடா?"

ஸஹ்ரான் ஆற்றைப் பார்த்தான். "வேணாம் மாமா. உம்மாவக் காக்க வைக்காதீங்க. நீங்க இறங்குங்க."

"நானா? எனக்கு முழங்காலே மடங்காதேடா..."

"அவங்க ரத்தம்னு வேற யாரு மாமா இருக்கா?"

போனை வைத்துவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

தண்ணீர் வடிந்ததும் யாரோ ஒருவருடைய பிக்கப்பில் ஏறிப் போய்ச் சேர்ந்தான். கூட்டம் கலைந்திருந்தது. மாமா மட்டும் கையில் மண்ணோடு கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா மாமா?"

"இல்லடா. எடையே இல்ல அவ, எலும்பும் தோலும்தான். நீ கடைசியாப் பாத்தப்பவும் இப்படித்தான் இருந்தாளா?"

கடைசியாக எப்போது பார்த்தோம் என்பதே ஸஹ்ரானுக்கு நினைவுக்கு வரவில்லை.