குறுக்கு மடிப்பு

துறைமுக வாசலில் காவல் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய் என் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. என் தோளில் தொங்கும் உடுப்பைத்தான் பார்ப்பான். உடுப்பில் கோடு கத்தி போல நின்றால் பாஸைக் கேட்காமலே உள்ளே விட்டுவிடுவான். திருக்கோணமலைக்கு வந்து முப்பது வருஷமாகியும் இந்த விசித்திரம் எனக்குப் பழகவில்லை. தொண்டிப் பக்கத்து என் ஊரிலோ, சட்டை எப்படிக் கிடந்தாலும் முகத்தைப் பார்த்து இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: துணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எந்த வாத்தியாருக்கும் தெரியாது. தேய்த்து வைத்தால் மடிப்பு. உட்கார்ந்து எழுந்தால் கசங்கல். பெண்கள் புடவையில் எடுத்துச் செருகுவது கொசுவம். நனைந்து இழுத்துக்கொண்டால் சுருக்கம். தோலில் விழுவதும் சுருக்கம்தான். படித்தவர்கள் அதைத் திரை என்பார்கள். வெள்ளைக்காரனிடம் இத்தனைக்கும் சேர்த்துக் ‘கிரீஸ்’ என்று ஒரே சொல். பாவம், அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு பெரிய ராச்சியத்தை ஆள்கிறான் என்று சொல்லிக் கடைத்தெருவையே சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தத் துறைமுகத்தில் என் இஸ்திரிப் பெட்டி படாத அதிகாரி உடுப்பு கிடையாது. தனி ஆளாய் வந்து, ஒரே பெட்டியில் தொடங்கி, நாலு பேருக்கு வேலை கொடுத்தவன்.

அந்த நாலு பேரும் இப்போது இல்லை. விமானம் குண்டு போட்ட காலையில், சீனன்குடாவில் எண்ணெய்த் தொட்டி எரிந்த புகையைக் கண்டதும், இரண்டு பேர் திரியாய்ப் பக்கமும் இரண்டு பேர் கப்பல்துறைக் காட்டுக்கும் ஓடிவிட்டார்கள். நானும் ஓடியிருப்பேன். எனக்கு வந்த ஒரு கடிதம் ஓட விடவில்லை. ஊரில் இருக்கும் என் மனைவி செல்லாயியைப் பற்றி, நாற்பது நாளுக்கு முன்னால் மருமகன் எழுதியது. “அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. உங்களையே கேட்கிறார்கள். உடனே வரவும்.”

துறைமுக வேலையில் இருப்பவன் யுத்த காலத்தில் விடுதலைத் துண்டு இல்லாமல் ரயிலேற முடியாது. துண்டில் கையெழுத்துப் போடவேண்டியவர் உடுப்புக் களஞ்சியத்து அதிகாரி. அவரிடம் கிளார்க்காக இருக்கும் நிலாவெளிக்காரர் கனகரத்தினம்தான் வழி சொன்னார்.

“ஐயா, நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு அணிவகுப்பு. மாலுமிமாரின்ர காற்சட்டை நாப்பது கிடக்கு. தேய்க்க ஆளில்லை. நீங்கள் செய்து குடுத்தா துரை சைன் வைப்பார்.”

“நாற்பது என்ன தம்பி, நானூறு கொண்டாங்க!”

மாலுமிகளின் உடுப்பு அதுவரை என் கைக்கு வந்ததில்லை. அவர்களே கப்பலில் பார்த்துக்கொள்வார்கள். மூட்டையை அவிழ்த்தால் ஒவ்வொரு காற்சட்டையும் விசிறி போல மடிந்து கிடந்தது. விரித்தால் காலுக்குக் குறுக்கே ஏழு கோடு. கப்பலில் திணித்துத் திணித்து வைத்த கசங்கல் என்று நினைத்தேன். சிரட்டைக்கரியை மூட்டி, கஞ்சி தெளித்து, ஒரு கோடு மிச்சமில்லாமல் எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே மடிப்பு வைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேசையில் அடுக்கியபோது என் கையை நானே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதிகாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “வேர் இஸ் த கிரீஸ்?”

நான் மடிப்பின்மேல் விரலை ஓட்டிக் காட்டினேன். “வெரி குட் கிரீஸ், சார். நம்பர் ஒன்.”

அவர் முகம் நெருப்பாகிவிட்டது. கனகரத்தினம் என்னை வெளியே இழுத்து வந்தார்.

“ஐயோ ஐயா, என்ன வேலை செய்துபோட்டியள்! மாலுமிமார் குறுக்காலதான் மடிக்கிறவை. உள்பக்கத்தை வெளியால திருப்பி, ஏழு மடிப்பு. ஏழு கடலுக்கு ஏழு மடிப்பாம்.”

“மனுஷன் காலில் குறுக்கே கோடு போடுவானா?”

“அவைக்கு உங்கட கோடுதான் பகிடி, பார்த்தாச் சிரிப்பினம். நாலு மணிக்கு முன்னம் சரிவராட்டி துண்டும் இல்லை, ஒண்டும் இல்லையாம்.”

துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது செல்லாயி கேட்டது நினைவுக்கு வந்தது. “கப்பல்காரன் சட்டையெல்லாம் நேராக்குறீங்களே, என் மூஞ்சியில ஒருவாட்டி பெட்டியை ஓட்டக் கூடாதா?” கசங்கல்தானே, ஒரு நொடியில் எடுத்துவிடுவேன் என்று ஜம்பமாகச் சொன்னேன். “கசங்கலா? கசங்கல்னா தண்ணி தெளிச்சாப் போயிரும். இது சுருக்கம். நீங்க இல்லாத வருஷத்துக்கு ஒண்ணா விழுந்தது. எண்ணிப் பாருங்க.” நான் எண்ணவில்லை. சிரித்துவிட்டு மறுவாரம் கப்பலேறினேன்.

துணி எதையும் லேசில் மறக்காது. ஈரம் தெளித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பழைய மடிப்பு இருந்த இடம் மங்கலாகத் தெரியும். இது எனக்குத் தெரிந்திருந்ததால் பிழைத்தேன். கனகரத்தினம் தூக்கிப் பிடித்தார், நான் தேய்த்தேன். கரி தீர்ந்தபோது அவர் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்து உடைந்த மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். “எரியுங்கோ. கேட்டா குண்டு விழுந்து எரிஞ்சதெண்டு எழுதுறன்.” விரல்கள் கொப்பளித்துவிட்டன. ஒரு கோட்டுக்குச் ‘செல்லாயி இருக்கிறாள்’, மறுகோட்டுக்கு ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். நாற்பதாவது காற்சட்டையின் ஏழாவது கோட்டில் ‘இல்லை’ வந்தது. அந்தக் கோட்டை மட்டும் இன்னொரு தடவை தேய்த்தேன்.

மூன்றரை மணிக்கு அதிகாரி விரலால் கோடுகளை எண்ணினார். கையெழுத்துப் போட்டார். பிறகு ஏதோ சொன்னார்.

“ஐயா,” என்றார் கனகரத்தினம், “நீங்கள் நிண்டியள் எண்டா சலவைப் பகுதி முழுக்க உங்களுக்குக் கீழயாம். போனா திரும்பி வர ஏலாது. இந்தத் துண்டு போறதுக்கு மட்டும்தான்.”

முப்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அது அன்றைக்குத்தானா வர வேண்டும்?

“என்னைவிடக் கெட்டிக்காரன் இந்தக் கரையில் கிடைக்கமாட்டான்னு அவருக்குச் சொல்லுங்க தம்பி. ஆனா நான் போறேன்.”

“கடிதம் நாப்பது நாள் பழசு, ஐயா. நீங்கள் போய்ச் சேரேக்குள்ள...”

“தெரியும் தம்பி.”

இதை ரயிலில் வைத்துப் பென்சிலால் எழுதுகிறேன். எங்கும் சிப்பாய்கள், முன்னே பார்த்து உட்கார இடமில்லை. கடைசிப் பெட்டியின் வாசலில், மூட்டையின் மேல், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். சீனன்குடா தாண்டுகிறது. துறைமுகத் தண்ணீர் மரங்களுக்கிடையே விட்டுவிட்டுத் தெரிகிறது. முதுகு அவளிடம் போய்க்கொண்டிருக்கிறது. முகம் இன்னும் திரும்பவில்லை.