உதைக்கத் தெரியாத அடியாள்

என்ர மனுசன் ஆனந்தராஜாவை முதன்முதல் காணுற ஆக்கள் கொஞ்சம் பயப்பிடுவினம். ஆறடி உயரம், அகன்ற தோள், தடிச்ச மீசை. வாயைத் திறந்தால்தான் தெரியும், எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற பிறவி எண்டு. குசினிக்குள்ள கரப்பான் வந்தால் நான்தான் செருப்பைத் தூக்கவேணும். இவர் கதிரைக்கு மேலை ஏறி நிண்டுகொண்டு, "பாவம் யோகா, வெளியிலை விடன்" எண்டுவார். அப்பிடிப்பட்ட மனுசன்தான் ஒரு சண்டைப் படத்திலை வில்லனுக்கு அடியாளாய் நடிச்சவர்.

கொக்குவிலிலை பிறந்து, கொழும்பிலை ஒரு கந்தோரிலை கிளாக்காய் இருந்தவர். பின்னேரங்களிலை ஜூடோ பழகப் போவார். அடிக்கிறதுக்கில்லை, விழப் பழகுறதுக்கு. எப்பிடித் தூக்கி எறிஞ்சாலும் நோகாமல் விழுவார், அதிலை ஆள் விண்ணன். எழுபத்துமூண்டிலை நாங்கள் அவுஸ்திரேலியாவிலை மெல்பேணுக்கு வந்தம். எனக்கு ஆஸ்பத்திரியிலை நேர்ஸ் வேலை. இவருக்குக் கிளேட்டனிலை, பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலை கண்ணாடிச் சாமான் கழுவி அடுக்கிற வேலை. வந்த கையோடை இஞ்சையும் ஒரு ஜூடோ கிளப்பைத் தேடிப் பிடிச்சிட்டார்.

மனுசனுக்கு ஒரே ஒரு ஆசை. திரையிலை தன்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். யாழ்ப்பாணத்துத் தியேட்டரிலை முன்வரிசையிலை இருந்து கழுத்து நோக நோகப் படம் பாத்த வயசிலை பிடிச்ச ஆசை. "ஒரு செக்கன் காணும் யோகா" எண்டுவார். கலியாணம் கட்டின புதிசிலை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு முறைச்சுப் பழகுறதைக் கண்டு, ஐயோ, என்னை ஒரு விசரனுக்கெல்லே கட்டிக் குடுத்திட்டினம் எண்டு நினைச்சனான்.

எழுபத்தாறிலை காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. டேல் ஹார்க்கர் எண்ட அமெரிக்க நடிகர் மெல்பேணுக்குப் படம் நடிக்க வந்தார். டெக்சஸிலை ஒரு மாட்டுப் பண்ணையிலை பிறந்தவராம். இளந்தாரியாய் ஹொலிவூட்டுக்குப் போய், பெரிய நடிகர்மாருக்குப் பதிலாய்க் குதிரையிலை இருந்து விழுறதுதான் முதல் வேலை. பிறகு அவரே கதாநாயகன். மாடியிலை இருந்து பாயுறதெண்டாலும், எரியிற காருக்குள்ளாலை வாறதெண்டாலும் வேற ஆள் வைக்கமாட்டார், தானே செய்வார். கொழும்பிலை அவற்ற படத்துக்கு ரிக்கற் எடுக்கப்போன இவர் சேட்டுக் கிழிஞ்சு வந்த கதை எனக்கு மனப்பாடம். ஐம்பது வயசு தாண்ட ஹொலிவூட்டிலை ஆளைக் கூப்பிடுறது குறைஞ்சுபோச்சு. அதாலைதான் இஞ்சை வந்தவர் எண்டு பேப்பரிலை போட்டிருந்தாங்கள். பேப்பர்காரரின்ர வாய்க்கு ஆர் பூட்டுப் போடுறது?

படக்காரர் விழத் தெரிஞ்ச ஆக்களைத் தேடி ஜூடோ கிளப்புக்கு வந்தவங்கள், இவற்ற மீசையைக் கண்டதும் பிடிச்சுப்போட்டாங்கள். என்ன நாட்டு அடியாள் எண்டு அவங்களுக்கே தெரியாது. ரெண்டு பேர் ஹார்க்கரைப் பிடிச்சிருக்க, இவர் ஓடிவந்து நெஞ்சிலை உதைக்கவேணும். ஹார்க்கர் விழ, இவர் கமெராப் பக்கம் திரும்பி முறைச்சுப் போட்டு ஓடவேணும். அந்த முறைப்பிலைதான் முகம் வரும். முகம்! இவர் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. நான்தான் மெல்பேணிலை எங்களுக்குப் பழக்கமான விமலாதேவி அக்காவுக்கு ரெலிபோன் அடிச்சனான். அவவுக்குச் சொன்னால் காணும், கதை சிட்னியிலை டூங்கபி வரைக்கும் போயிடும். போச்சுது.

படம் பிடிக்கிற இடம் துறைமுகத்தடியிலை ஒரு பழைய கம்பளிக் கிடங்கு. நானும் லீவு போட்டு, புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு போனன். இவர் ஓடிவந்தார், பாய்ஞ்சார், கால் ஹார்க்கரின்ர நெஞ்சிலை பட்டுது. அந்தாள் வெட்டின வாழை மாதிரி விழுந்தார். இவர் திரும்பி முறைக்கிறதை விட்டிட்டு, குனிஞ்சு ஹார்க்கரின்ர தோளைத் தொட்டுத் தன்ர கண்ணிலை ஒத்தினார்.

எங்கட ஆக்களுக்கு இது யோசிச்சுச் செய்யிற காரியமே? ஆரிலையாவது கால் பட்டால் கை தானாய்ப் போகும். பஸ்ஸிலை பட்டாலும் போகும், புத்தகத்திலை பட்டாலும் போகும். டிரெக்டர் கத்தினான். திரும்ப எடுத்தாங்கள், திரும்பவும் அதே. கையை இடுப்புப் பட்டியிலை செருகச் சொன்னாங்கள். கை நிண்டுது, தலை குனிஞ்சுபோச்சு. சுத்தி நிண்டதுகள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்குதுகள், எனக்கெண்டால் மானம் கப்பலேறுது. கடைசியிலை டிரெக்டர், "இவன் சரிவராது, வேற ஆளைப் போடுங்கோ" எண்டிட்டான். இவற்ற முகம் செத்துப்போச்சு.

எனக்கு வந்ததே கோபம்! நேரை போய் ஹார்க்கருக்கு முன்னாலை நிண்டன். "இது பயமில்லை ஐயா. ஒவ்வொரு மனுசருக்குள்ளையும் சாமி இருக்கெண்டு நம்புறவை நாங்கள். கால் பட்டால் மன்னிப்புக் கேப்பம்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை சொன்னன்.

அந்தாள் சொன்னார்: "இந்தத் தொழிலுக்கு வந்த நாள்துவக்கம் என்னை உதைக்காத ஆளில்லை. எலும்பை முறிச்சவங்களும் இருக்கிறாங்கள். மன்னிப்புக் கேட்டது உங்கட புருசன் ஒருத்தர்தான்." டிரெக்டரைப் பாத்து, "இவருக்கு இன்னொரு தரம் குடு" எண்டார்.

நான் இவரைத் தூணடிக்கு இழுத்துக்கொண்டு போனன். "இஞ்சருங்கோ, நாட்டியம் ஆடுற பிள்ளையள் பூமியை மிதிக்க முந்தியே தொட்டுக் கும்பிடுறதில்லையோ? நீங்களும் முதலே கும்பிட்டுப் போட்டு உதையுங்கோவன்."

மனுசன்ர முகத்திலை லைற் எரிஞ்சுது. ஹார்க்கரிட்டைப் போய்த் தோளைத் தொட்டு, ரெண்டு கண்ணிலையும் ஆறுதலாய் ஒத்தினார். பிறகு கமெரா ஓடத் துவங்க, ஓடிவந்து குடுத்தாரே ஒரு உதை! எனக்கே நெஞ்சு குலுங்கிச்சுது. ஹார்க்கர் விழுந்தார். எல்லாருக்கும் நல்ல சந்தோசம்.

இனி இவர் திரும்பி முறைக்கிறதுதான் பாக்கி. "திரும்புங்கோ, திரும்புங்கோ" எண்டு நான் மனசுக்குள்ள கத்துறன். இவர் அசையேல்லை. விழுந்து கிடந்தவரையே பாத்துக்கொண்டு நிண்டவர், கமெராவுக்கு முதுகைக் காட்டி முழங்காலிலை இருந்து, அந்தாளின்ர தலைக்குக் கீழை கையைக் குடுத்தார். "யோகா, ஓடி வா! இது நடிப்பில்லை!" எண்டு தமிழிலை கத்தினார்.

ஓடிப்போய்த் தொட்டுப் பாத்தன். விலா எலும்பு வெடிச்சிருந்தது. ஹார்க்கர் வெளிறின முகத்தோடை, "நல்ல உதை" எண்டு சிரிக்கப் பாத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கள். இனிச் சண்டை பிடிக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அந்தக் காட்சியைத் திருப்பி எடுக்கவே இல்லை.

வீட்டை வந்து நான் விட்டனோ? "ஒரு செக்கன் திரும்பியிருந்தால் அந்தாள் செத்தோ போவார்? இவ்வளவு காலம் ஆசைப்பட்டது இதுக்கோ?"

"அவர் விழுந்த விதம் பிழை யோகா. எனக்குத் தெரியும். நான் கமெராவைப் பாத்தால் அவரை ஆர் பாக்கிறது?"

அப்பிடிச் சொல்லியும் என்ர கோபம் போகேல்லை, ரெண்டு நாள் சோத்தை வாய் பேசாமல் போட்டன்.

அடுத்த வருசம் படம் வந்தது. எனக்குப் போக விருப்பமில்லை. ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சவளுக்கு என்ன முகம் இருக்கு? விமலாதேவி அக்கா விடேல்லை, தெரிஞ்ச தமிழாக்கள் எல்லாரையும் சேத்துக்கொண்டு வந்திட்டா. அந்தக் காட்சி வந்தது. உதை, விழுகை, பிறகு அடியாள் முழங்காலிலை இருக்கிறான். அவன் கதாநாயகன்ர பொக்கற்றைத் தடவிக் களவெடுக்கிற மாதிரி வெட்டி ஒட்டியிருந்தாங்கள். முகமே இல்லை, திரை நிறைய முதுகு. சனம் "சீ, கள்ளன்" எண்ட மாதிரி உறுமிச்சுது. பக்கத்திலை இவர் கதிரைக்குள்ள புதைஞ்சுபோனார்.

அக்கா என்ர காதுக்குள்ள, "எங்கை பிள்ளை, படத்திலை ஆனந்தரைக் காணேல்லை?" எண்டா.

தலையிடி எண்டு சொல்லி எழும்பிப் போகத்தான் நினைச்சிருந்தன். ஆனால் திரையிலை அந்தப் பெரிய முதுகு குனிஞ்சு கிடந்ததைப் பாக்க, "அவரை ஆர் பாக்கிறது" எண்டு அண்டைக்கு இவர் கேட்டது நினைவு வந்தது. இப்பிடி ஒரு மனுசனோடையோ ரெண்டு நாள் கதையாமல் இருந்தனான்? எழும்பி நிண்டிட்டன்.

"அந்தா அக்கா, அந்த முதுகு! அதுதான் என்ர மனுசன்! அவர் களவெடுக்கேல்லை, அந்தாளுக்கு மூச்சு வருதோ எண்டு பாக்கிறார்!"

முன்னுக்கிருந்த வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பினாங்கள். இவர் என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தார். "இரு யோகா, ஆக்கள் எங்களையெல்லே பாக்கினம்."

"பாக்கட்டும்" எண்டன்.