ரயில்வே கேட்டில் எட்டு நிமிடம்

என் அண்ணிக்கு இடது வலது தெரியாது. நகரத்தையும் அதை ஒட்டிய மூன்று ஊர்களையும் நான்கு மணி நேரத்தில் சுற்றிக்காட்டும் பஸ்ஸில் இருபது வருடமாக அவள்தான் வழிகாட்டி என்று சொன்னால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அவள் நிற்பது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், பயணிகளைப் பார்த்தபடி, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவர்களுடைய இடது அவளுக்கு வலது. "இடது பக்கம் பாருங்க" என்று வலது கையை நீட்டி நீட்டி, அது உடம்பில் ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். நூல்கண்டுப் பெட்டி இடது அலமாரியில் இருக்கிறது என்பாள். தையல்காரனான என் அண்ணன் ஒன்றும் பேசாமல் வலது அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்வான்.

அந்த பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கு அது தொழில் வியாதி. அண்ணிக்குக் கோபமே வராது, பேச்சுதான் வரும். கம்பெனியில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் செலவழிக்காத ஆள். வீட்டில் பேசக் கிடைக்காததையெல்லாம் அவள் பஸ்ஸில் பேசித் தீர்த்துக்கொள்கிறாள் என்பது என் கட்சி.

முதலில் அவள் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். ஒரு நாள் பழைய வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. முப்பது பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள் கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். அதுவரை அந்த மூன்று ஊர்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. கம்பெனி அச்சடித்த நான்கு பக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தான் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். பழைய வழிகாட்டிக்கு ஒரு வாரத்தில் குரல் திரும்பி வந்தது. வேலை திரும்பி வரவில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவோம். துறைமுகம், மணிக்கூண்டு, பழைய தபால் நிலையம். பாலத்தைத் தாண்டினால் கண்ணாடி ஊதுகிற ஊர், அடுத்தது செங்கல் சூளை ஊர், கடைசியாக ஆறு கடலில் சேருகிற ஊர். இதில் எதையும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலத்தின் முதல் இணைப்பில் சக்கரம் தடக்கென்றால் ஆற்றைப் பற்றி ஆரம்பிப்பாள். பயணிகளின் முகத்தில் செம்மண் நிறம் விழுந்தால் சூளை வந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாது. அப்போது அவள் குரலை வைத்தே ஜனங்கள் ஊரைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள், ஆனால் தூங்கியிருக்க மாட்டார்கள். எனக்கே சில நாள், தண்ணீருக்கு அடியில் வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும். அந்த நேரங்களில் என் கோபம் எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது.

கண்ணாடி ஊருக்கும் சூளை ஊருக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். பத்தே முக்காலுக்கு மூடினால் சரக்கு ரயில் போய்த் திறக்க எட்டு நிமிடம் ஆகும். நான்கு பக்கப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அங்கே நின்றபோது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பேர் சண்டை பிடித்து, கைகலப்பாகும் நிலைமை. அண்ணி சட்டென்று கேட்டை ஒட்டியிருந்த ஒரு வீட்டைக் காட்டினாள். மாடியில் மஞ்சள் திரைச்சீலை போட்ட ஒரே ஒரு ஜன்னல்.

"இடது பக்கம் பாருங்க. அந்த வீட்ல ஒருத்தர் இருக்காரு. அவரு சம்சாரம் ஒரு நாள் ரயிலேறிப் போனாங்க, திரும்பி வரவே இல்லை. ரயில் போற நேரத்துக்கெல்லாம் ஜன்னல்ல வந்து நிப்பாரு. நாம ஒரு தடவை கை காட்டுவோம். யாரோ தன்னைப் பாக்குறாங்கன்னு அவருக்கும் ஒரு ஆறுதல்."

சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் கை காட்டினார்கள். அன்றைக்கு ஜன்னலில் ஈ காக்காய் இல்லை. மறுநாளும் அதே கதை, அதே கையாட்டல். மூன்றாம் நாள் திரைச்சீலை விலகி, நிஜமாகவே ஒரு மனிதர் வந்து நின்றார். சட்டைக் கையால் கண்ணாடியை வட்டமாகத் துடைத்துப் பார்த்தார். பிறகு அவரும் கையைத் தூக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, அங்க நெஜமாவே ஒருத்தர் இருக்காரு" என்றேன். அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

"அவரைப் பாத்தா எனக்குக் கதை சொல்ல வாய் வராது தம்பி" என்றாள்.

"அப்ப சொல்லாதீங்க."

"இவ்ளோ பேர் சிரிச்ச மொகமா கை காட்டுறாங்க. நிறுத்துறதுக்கும் மனசு வரலையே."

இப்படியே பதினோரு வருடம் போய்விட்டது. இதற்கு நடுவில், மணிக்கூண்டின் உயரத்தைப் பத்தடி கூட்டிச் சொன்னாள் என்று யாரோ எழுதிப் போட்டு, மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் மறுபடி கவுண்டர்தான். அண்ணியைக் கம்பிக்குப் பின்னால் உட்காரவைத்து "எத்தனை டிக்கெட்?" என்று மட்டும் கேட்கச் சொல்வது, மீனைத் தரையில் போடுவது மாதிரி. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவள் அதற்கு மிகவும் பயந்தாள்.

போன மாதம் ஒரு நாள், பனி இறங்கிய காலை. மணிக்கூண்டுக்கு மேல்பாதி இல்லை. பயணிகள் முப்பத்தொரு பேர். ஏழாம் நம்பர் சீட்டில் பழுப்பு நிறக் கோட்டு போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தெரிந்த முகமாக இருந்தது, எங்கே பார்த்தது என்றுதான் பிடிபடவில்லை. கண்ணாடி ஊருக்குள் நுழையும்போது என் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். அவர் கோட்டுக் கையால் பஸ் ஜன்னலை வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஜன்னல்காரரேதான்.

எல்லோரும் இறங்கிக் கண்ணாடிப் பட்டறைக்குள் போனதும் அண்ணியை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பதினோரு வருஷமா பாக்குறேன் அண்ணி. என் மாமனாரைக்கூட நான் இத்தனை தடவை பாத்ததில்லை."

"புகார் கொடுக்க வந்திருக்காரா?"

"யாருக்குத் தெரியும்? உசிரோட இருக்கற பொண்டாட்டி ஓடிப்போயிட்டாங்கிற மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா, நான்னா புகாரோட நிறுத்த மாட்டேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு, "கேட் மூடுறதுக்குள்ள தாண்டிடுவியா?" என்றாள். ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் தாண்டிவிடலாம். கதை சொல்ல இடமே இருக்காது. நான் இன்ஜினைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் பட்டறைக்குள் ஓடி, டீயைப் பாதியில் வைக்கச் சொல்லி எல்லோரையும் கிளப்பினாள். பிறகு வழக்கம்போல் சீட்டு சீட்டாகத் தொட்டு எண்ணினாள். முப்பது. மறுபடி எண்ணினாள். முப்பதுதான். ஏழாம் நம்பர் காலி.

விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை. இருபது வருடத்தில் ஒரு தலையைக்கூட அவள் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. இறங்கிப் போய்த் தேடினாள். அவர் உலைக்கு முன்னால் நின்று, குழலின் நுனியில் கண்ணாடி பழுத்து உப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "வாங்க, கிளம்பணும்" என்று இவள் சொன்னதும், "மன்னிக்கணும், நேரம் போனதே தெரியலை" என்றாராம். இவள்தான் அவருக்குப் படி ஏறக் கை கொடுத்தாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது கேட் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. மூக்குக்கு நேராகச் சிவப்புக் கம்பம், இடது பக்கம் பனியில் அந்த வீடு. கொஞ்ச நாளாகவே இருந்தது போல, மஞ்சள் திரைச்சீலை அன்றும் மூடியிருந்தது.

அண்ணி மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ரேடியோ நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பின் சீட்டிலிருந்து ஒரு நர்ஸ், சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டவள், கழுத்தை நீட்டினாள்.

"ஏங்க, கேட் பக்கத்துல ஒரு ஜன்னல் கதை சொல்வீங்களாமே? எங்க அக்கா போன வருஷம் வந்துட்டுப் போனா. மறக்காம கை காட்டிட்டு வான்னு சொல்லி அனுப்பிச்சா."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் மைக்கை அணைத்துவிட்டாள். வெறும் குரலில் பேசினாள்.

"அது புத்தகத்துல இல்லாததுங்க. நானாக் கட்டினது. ஒரு நாள் பொழுது போகாம ஆரம்பிச்சேன், பதினோரு வருஷமாச்சு. அந்த வீட்டுக்காரர் யாரு, எவருன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு அவரு நம்ம வண்டியில இருக்காரு. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். அவரு எழுதிக் கொடுத்தா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

ஏழாம் நம்பர்க்காரர் எழுந்து நின்றார். சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கதையைக் கேக்கத்தாங்க டிக்கெட் எடுத்தேன். சொல்லுங்க" என்றார்.

அண்ணி சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"என் சம்சாரம் எங்கயும் போகலைங்க" என்றார். "அந்த ஜன்னலுக்குக் கீழ கட்டில்ல படுத்திருந்தா. எழுந்திரிக்க முடியாது. உங்க வண்டிச் சத்தம் கேட்டா, போய்ப் பாருங்கன்னு என்னை விரட்டுவா. எத்தனை பேரு, என்ன கலர் சட்டை, யாரு சிரிச்சா, எல்லாம் சொல்லணும். அதைக் கேட்டுக்கிட்டேதான் மாத்திரை போட்டுக்குவா. யாருக்குங்க கை காட்டுறாங்கன்னு தினமும் கேப்பா. உனக்குத்தான்னு சொல்வேன். என்னை எப்படித் தெரியும்னு கேப்பா. ஊருக்கே உன்னைத் தெரியும்னு சொல்லி வெச்சேன். அது நான் கட்டின கதை."

கண்ணாடிகளில் ஆவி ஏறிக்கொண்டே இருந்தது.

"போன மாசம் போயிட்டா. அதுக்கப்புறம் நான் ஜன்னல் பக்கமே வரலை. யாரு இவங்க, யாருக்குத்தான் கை காட்டுறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்." அவர் அண்ணியைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. "நீங்க சொன்னது பொய் இல்லைங்க. கொஞ்சம் முந்திக்கிட்டீங்க, அவ்வளவுதான்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மெதுவாக முன்னால் வந்து, "நான் இங்கயே இறங்கிக்கட்டுமா? வீடு இதுதானே" என்றார். நான் கதவைத் திறந்தேன். கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடந்து போனார். சரக்கு ரயில் வந்தது, பெட்டி பெட்டியாக நீண்டுகொண்டே போனது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் பனிக்குள் கரைந்தது.

கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். வேறு நாளாக இருந்தால் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு, அடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அண்ணி திரும்பினாள். பயணிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து, எனக்குப் பக்கத்தில் நின்றாள். கன்னம் முழுக்க ஈரம், துடைத்துக்கொள்ளவும் இல்லை. மேலே திரைச்சீலை அசைந்தது. கண்ணாடியில் ஒரு வட்டம் துடைக்கப்பட்டது.

"இடது பக்கம் பாருங்க" என்று சொல்லி, அண்ணி இடது கையைத் தூக்கினாள்.