சகலை பார்க்காத கண்ணாடி

தொழிற்சாலையை மூடிய அன்று அவருக்கு அழுகை வரவில்லை. சகலை போன் பண்ணி, "எதுக்கு அண்ணே யோசிக்கிறீங்க, குடும்பத்தோட எங்க ஊருக்கு வந்துடுங்க, மாடி ரூம் சும்மாதானே கிடக்கு" என்று சொன்ன அன்றுதான் வந்தது. மனைவி அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று இவரும் விட்டுவிட்டார்.

மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் லாரிதான் ஓட்டினார்கள். இவர் நடுவில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கிடங்கில் சூப்பர்வைசர் ஆனார். தேய்த்த சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, போகிற வருகிறவன் எல்லாம் சார் என்றான். அந்த மிதப்பில் ஒரு நாள் சகலையிடம், "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இந்த டீசல் நாத்தத்தையே கட்டிக்கிட்டு அழப்போற?" என்று கேட்டும் விட்டார். இப்போது அதே சகலைதான் முதலாளியிடம் பேசி இவருக்கு லாரி வேலை வாங்கிக் கொடுத்தான். பழைய பேச்சை ஒரு தடவையாவது குத்திக் காட்டியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ வாயே திறக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஷெட்டில் எல்லோரும் இவரை 'சூப்பர்வைசர்' என்றே கூப்பிட்டார்கள். கிடைத்த வண்டி கிழட்டு வண்டி. இரண்டாம் கியர் விழ வேண்டுமானால் கெஞ்ச வேண்டும். சகலை வண்டியின் எஞ்சினோ பூனைக்குட்டி மாதிரி மெல்ல உறுமியது. வீட்டிலும் அதே கதைதான். சகலையின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே இவருடைய பெண் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடுவாள். "சித்தப்பா ஹாரன் அடிக்க விடுவாரு. நீ எதைத் தொட்டாலும் திட்டுவ" என்றாள். மனைவியும் தன் பங்குக்கு, "தம்பி வண்டிய விட்டு இறங்கினாக்கூட சட்டை கசங்காம இருக்கு பாருங்க" என்றாள். இவருக்கு வயிறு பற்றி எரிந்தது. தண்ணீர் குடித்தால் அணைகிற நெருப்பா அது?

அந்தச் சமயத்தில்தான் ஷெட்டுக்குப் புது லாரி ஒன்று வந்தது. சீட்டின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. தூரத்து லோடுகளுக்குப் போகிற வண்டி, சம்பளமும் கூட. முதலாளி டிரைவர்களைக் கூப்பிட்டு, "இந்த மாசம் யாரு வண்டியில ஒரு கீறல்கூட விழலையோ அவங்களுக்குத்தான் இது" என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசி வந்தபோது கீறல் விழாமல் மிஞ்சியவை இரண்டே வண்டிகள், இவருடையதும் சகலையுடையதும். அந்தப் புது வண்டி மட்டும் கிடைத்துவிட்டால் தனியாக வீடு எடுத்துவிடலாம். சகலையின் மாடி, சகலையின் குழாய், சகலையின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். இவர் கனவில்கூட அந்த பிளாஸ்டிக் உறையைத்தான் கிழித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் லோடு. குளிர்பதனக் கிடங்கு. உள்ளே பின்பக்கமாகத்தான் போக முடியும். ஒரு பக்கம் இரும்புத் தூண், மறுபக்கம் சுவர். முதலாளி கிளீனர்களை எப்போதோ நிறுத்திவிட்டார் என்பதால், டிரைவர்களே ஒருவர் வண்டிக்கு ஒருவர் பின்னால் நின்று பாடியைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும்.

முதலில் சகலை வண்டி. சரக்கு இறக்கும் மேடைமேல் முதலாளி நின்றுகொண்டிருந்தார். இவர் பின்னால் நின்று தட்டினார். இரண்டு. இரண்டு. இரண்டு. பின்விளக்கு தூணை நெருங்கியது. ஒரு முழம் இருந்தது, பிறகு ஒரு சாண். இப்போது ஒரு தட்டு தட்ட வேண்டும். கை மேலே போனது, அங்கேயே நின்றது.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். மெஷின் சத்தத்துல தட்டினது கேக்கலையா சகல, என்று கேட்டுவிடலாம். எப்படியும் அவன் கண்ணாடியைப் பார்த்துத் தானாகவே நிறுத்திவிடுவான் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டு, அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் சகலையின் முகம் தெரிந்தது. அவன் இந்தப் பக்கமே திரும்பவில்லை. கிடங்கு வாட்ச்மேனிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் விட்டுக்கொண்டிருந்தான்.

பட்டென்று ஒரு தட்டு. உள்ளங்கை எரிந்தது. விரல் நுழைகிற இடைவெளியில் வண்டி நின்றது.

"என்ன அண்ணே, பாடியையே உடைச்சிடுவீங்க போல" என்று இறங்கி வந்தான்.

"கண்ணாடி எதுக்கு வெச்சிருக்காங்க? பாக்க மாட்டியா?"

"நீங்க நிக்கிறீங்க. அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

இதற்கும் பொறாமைதான் வந்தது. இப்படி ஒருத்தரை நம்பிவிட்டுச் சிரிக்க ஒரு மனசு வேண்டுமே, அதுவும் அவனுக்குத்தானா கிடைக்க வேண்டும்?

அடுத்தது இவர் வண்டி. இப்போது சகலை பின்னால் நின்றான். இரண்டு தட்டு. இரண்டு தட்டு. இவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கும் புது வண்டி வேண்டும்தானே? கொஞ்சம் முன்னால் தன் மனசுக்குள் இருந்தது இப்போது அவன் மனசுக்குள் இருக்காதா? தூண் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. மறுபடியும் இரண்டு தட்டு கேட்டது. விடுகிறான், வேண்டுமென்றே விடுகிறான்! ஸ்டியரிங்கை வெடுக்கென்று மறுபக்கம் ஒடித்தார். சுவர் வண்டியைப் பின்னாலிருந்து முன்வரை வழித்தது.

இறங்கிப் பார்த்தால் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே இன்னும் ஒரு ஆள் நிற்கலாம்.

முதலாளி மேடையிலிருந்து இறங்குவதற்குள் சகலை முந்திக்கொண்டான். "என் தப்புங்க. நான்தான் தப்பாத் தட்டிட்டேன்."

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். புது வண்டி யாருக்கு என்று முதலாளி மறுபடியும் யோசித்திருப்பார். ஆனால் இதையும் இவனிடமிருந்து வாங்கிக்கொள்வதா? "இல்லீங்க" என்றார் இவர். "அவன் சரியாத்தான் தட்டினான். நான்தான் நம்பல." அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும், அவ்வளவு நேரம் மட்டும், வயிற்றில் எரிச்சல் இல்லை.

சாவி சகலைக்குப் போனது. 'நீங்களே வெச்சுக்கோங்க அண்ணே' என்று பேச்சுக்காவது ஒரு வார்த்தை சொன்னானா? பாவி, சாவியை வாங்கி முத்தம் கொடுத்தான்.

மறுநாள் வீட்டு வாசலில் புது லாரி நின்றது. முன்சீட்டில் சித்தப்பா பக்கத்தில் இவர் பெண். தெருவில் திருப்ப இடமில்லை. ரிவர்ஸில்தான் போக வேண்டும்.

"அப்பா, பின்னாடி போய் நில்லுப்பா! நீ தட்டினாத்தான் வண்டிய எடுப்பாராம்!"

மாடியிலிருந்து இறங்கி வந்தார். பாடியில் அவர் முகம் தெரிந்தது, அவ்வளவு பளபளப்பு. ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். அவன் குழந்தையின் கையை ஹாரன்மேல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்ணாடியப் பாருடா, முட்டாப்பயலே" என்று முனகிக்கொண்டே, இரண்டு தட்டு தட்டினார்.